மெஷின் பேய்ப்படம் எடுக்கப் போறீங்களா? வட சென்னைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் கைக்காசைப் போட்டுப் படம் எடுக்கும் பிள்ளைகள் ஒலிப்பதிவுக்காக என்னிடம் வருவார்கள். கொஞ்ச காலமாகப் பலரும் ஒரே மாதிரிக் கதையோடு வருகிறார்கள்: பட்டறையிலோ வீட்டிலோ இருக்கும் மெஷின்கள் திடீரென்று மனிதர்களைத் தாக்க ஆரம்பிக்கின்றன. நம்ம ஏரியாவுக்கு இதைவிடப் பொருத்தமான பேய்க்கதை கிடையாது. கதை ஒரே மாதிரி இருப்பதால் சந்தேகங்களும் ஒரே மாதிரி வருகின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

அண்ணா, ரோபோ செய்ய எங்ககிட்ட காசு இல்ல. ரோபோ இல்லாம மெஷின் படம் எடுக்க முடியுமா?

முடியும். காசு இருந்தாலும் ரோபோ வேண்டாம் என்றுதான் சொல்வேன். 'எந்திரன்' 2010இல் வந்துவிட்டது. அதன் பிறகு அட்டையும் அலுமினிய ஃபாயிலும் ஒட்டிய ரோபோவைப் பார்த்தால் ஜனங்கள் சிரிப்பார்கள். ரோபோவை யாரும் வீட்டில் வைத்திருப்பதில்லை. லேத்தை, கிரைண்டரை, டிரெய்லர் லாரியைத் தினமும் பார்க்கிறார்கள். தினமும் பார்க்கிற ஒன்று மாறிப்போவதுதான் பயம்.

ஸ்பீல்பெர்க் 1971இல் தொலைக்காட்சிக்காக எடுத்த 'டூயல்' படத்தில் ஒரு பழைய லாரி, ஒரு காரைத் துரத்துகிறது. மொத்தக் கதையும் அவ்வளவுதான். லாரி டிரைவரின் கையும் பூட்ஸும் தெரியும், முகத்தைக் காட்டவே மாட்டார்கள். அதனால் லாரியே கொல்ல வருவது போல இருக்கும். சுமார் இரண்டு வாரத்தில் எடுத்த படம் அது. ஓட்டுகிற ஆளை மறைத்தால் போதும், வண்டிக்கு உயிர் வந்துவிடும். இதற்குக் காசு செலவில்லை.

எந்த மெஷினை வில்லனா வைக்கலாம்?

உங்கள் குழுவில் யாராவது ஒருவருக்கு நன்றாகத் தெரிந்த மெஷினை வையுங்கள். அப்பா டிரெய்லர் ஓட்டுபவரா, டிரெய்லர். அம்மா மாவு அரைத்துக் கொடுப்பவரா, கிரைண்டர். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சும் ஐஸ் உடைக்கும் மெஷினும் இருக்கின்றன. முழு ஐஸ் பாரை உள்ளே தள்ளினால் மறுபக்கம் நொறுங்கிக் கொட்டும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு அதன் மேல் கதை எழுதத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம்.

என்னைக் கேட்டால் பவர் பிரஸ். சின்னச் சின்ன பட்டறைகளில் தகடு வெட்டி, வளைத்து, துளை போடுவது இதில்தான். பழைய மாடலில் ஓரமாக ஒரு கனத்த சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அதுதான் ஃபிளைவீல். காலால் பெடலை மிதித்தால் கிளட்ச் மாட்டிக்கொண்டு மேலே இருக்கும் பஞ்ச் என்ற இரும்புக் குத்தி கீழே இறங்கி, அடியில் இருக்கும் டை என்ற அச்சில் அடிக்கும். இறங்க ஆரம்பித்துவிட்டால் ஒரு சுற்று முழுசாக முடியாமல் நிற்காது. பாதியில் நிறுத்த வழியே இல்லை. தகட்டை வைக்க, அடித்ததை எடுக்க என்று தொழிலாளியின் கை நாள் முழுக்க அந்த வாய்க்குள் போய் வந்துகொண்டிருக்கும். இதைவிட ஒரு வில்லன் வேண்டுமா?

மெஷின் தானா ஓடுச்சுன்னா ஜனங்க நம்புவாங்களா? லாஜிக் கேப்பாங்களே?

மெஷின்கள் நிஜமாகவே தானாக ஓடும். பட்டறை ஆட்களிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து பேசுங்கள், கதைகள் கொட்டும். கரண்ட் போன நேரத்தில் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டு வெளியே போயிருப்பார்கள். கரண்ட் திரும்பியதும் ஆளில்லாத பட்டறையில் மெஷின் ஓட ஆரம்பிக்கும். நல்ல ஸ்டார்ட்டர் போட்டிருந்தால் இப்படி ஆகாது, கரண்ட் போனதும் அது தானாக விட்டுவிடும், மறுபடி பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். வெறும் சுவிட்ச் வைத்து ஓட்டும் இடத்தில் நிச்சயம் நடக்கும்.

மூணு ஃபேஸ் லைனில் வேலை பார்த்துவிட்டு இரண்டு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் அந்த லைனில் இருக்கும் மோட்டார் அத்தனையும் தலைகீழாகச் சுற்றும். கற்பனை செய்து பாருங்கள்: காலையில் பட்டறையைத் திறந்து சுவிட்ச் போட்டால் எல்லா மெஷினும் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. ஒரு ஃபேஸ் மட்டும் போய்விட்டால் மோட்டார் சுற்றாது, உள்ளே இருந்து உறுமும். மெயினை அணைத்த பிறகும் ஃபிளைவீல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அது சுற்றும் வரை பெடலை மிதித்தால் பிரஸ் அடிக்கும். கிளட்ச்சை ஃபிளைவீலோடு மாட்டும் துண்டுக்குக் கிளட்ச் சாவி என்று பெயர். அது தேய்ந்துபோன பிரஸ், ஒரு தடவை மிதித்ததற்கு இரண்டு தடவை அடிக்கும். விரல்கள் போவது பல நேரம் அந்த இரண்டாவது அடியில்தான்.

ஆகவே படத்தின் முதல் பாதியில் நடப்பதெல்லாம் நடக்கக்கூடியதாக இருக்கட்டும். "லைன்ல ஏதோ கோளாறு" என்று கதாபாத்திரங்கள் சமாதானம் சொல்லிக்கொள்ளட்டும். அந்தச் சமாதானம் எந்த இடத்தில் பலிக்காமல் போகிறது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்தால் போதும்.

பேய் புகுந்துச்சுன்னு வைக்கணுமா, மெஷினுக்கே புத்தி வந்துச்சுன்னு வைக்கணுமா?

பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் பேயோடுதான் வருகிறார்கள். பட்டறையில் செத்த தொழிலாளியின் ஆவி மெஷினில் புகுந்து பழிவாங்குகிறது. தப்பில்லை. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எழுதுங்கள்: அந்தத் தொழிலாளி எப்படிச் செத்தார்?

ஓடும் பாகங்களுக்கு மறைப்பு போட்டே ஆகவேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். மறைப்பு இருந்தால் வேலை மெதுவாகும், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு இடிக்கும். அதனால் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். கை போன பிறகு "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதுவார்கள். இந்த மூலையில் கிடக்கும் மறைப்பு உங்கள் படத்தில் ஒரு ஷாட்டிலாவது வரவேண்டும் என்பது என் ஆசை. ஆவியோ புத்தியோ எதை வேண்டுமானாலும் வையுங்கள், அதைக் கழற்றிய கை யாருடையது என்பது பார்ப்பவருக்குத் தெரியவேண்டும். அது தெரியாவிட்டால் எல்லாப் பழியையும் பேய் தலையில் கட்டிவிட்டு முதலாளியைச் சும்மா அனுப்பிவைத்த படமாகிவிடும்.

ஆயுத பூஜை அன்னிக்கு மெஷின் கொல்ற மாதிரி கதை. பட்டறைக்காரங்க கோச்சுப்பாங்களா?

முன்கூட்டியே சொன்னால் கோபிக்க மாட்டார்கள். நல்ல நாளில் மெஷின் ஓடி ரத்தம் பார்ப்பது போலக் காட்டுகிறீர்கள், அதை மறைத்து ஷூட்டிங்குக்கு இடம் கேட்டால்தான் சண்டை வரும்.

கதைக்கு இது அருமையான நாள். மெஷினைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். அன்றைக்கு அதைத் தொடக் கூடாது, அதற்கு ஓய்வு. அவசர ஆர்டர் என்று முதலாளி ஓய்வைக் கெடுத்து ஓட்டச் சொல்கிறார் என்று வைத்தால், போன பதிலில் சொன்ன 'யார் கை' என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. பொட்டு வைத்த பிரஸ்ஸை முகத்துக்கு நேராக, ஆள் உயரத்தில் கேமரா வைத்து எடுங்கள். இரண்டு போல்ட்டுக்கு நடுவே குங்குமம் இருந்தால் அதுவே முகமாகிவிடும்.

ஒன்று: நிஜமான பூஜையின்போது எடுப்பதாக இருந்தால் அவர்கள் கும்பிட்டு முடிக்கும் வரை கேமரா பையில் இருக்கட்டும்.

நிஜமா ஓடற மெஷின் பக்கத்துல நடிகரை நிக்க வெச்சாதானே பயமா வரும்?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் ஞாபகம் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஓடும் மெஷினும் நடிகரும் ஒரே ஃபிரேமில் வரக் கூடாது. மெஷின் ஓடும் ஷாட்டில் மனிதர் இல்லை. மனிதர் இருக்கும் ஷாட்டில் மெஷினுக்குக் கரண்ட் இல்லை. சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பட்டறைக்காரரின் சட்டைப் பையில் கொடுத்துவிடுங்கள். ஃபிளைவீல் முழுக்க நின்றுவிட்டதா என்று அவரே தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகு நடிகர் கிட்டே போகட்டும்.

ஸ்டீபன் கிங் இயக்கிய 'மேக்சிமம் ஓவர்டிரைவ்' 1986இல் வெளியானது. லாரிகளும் மெஷின்களும் மனிதர்களைத் தாக்கும் கதை. 1985இல் அதன் படப்பிடிப்பில் ரிமோட்டில் ஓடவிட்ட புல் வெட்டும் மெஷின் ஒரு மரக்கட்டையில் மோதி, மரச் சிராய் தெறித்து, ஒளிப்பதிவாளர் அர்மாண்டோ நன்னுசிக்கு ஒரு கண்ணில் பார்வை போனது. அவ்வளவு பெரிய குழு, அவ்வளவு அனுபவம் உள்ள ஒளிப்பதிவாளர். 2020 பிப்ரவரியில் சென்னைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய படத்தின் செட்டில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். ஐந்து பேர் சேர்ந்து எடுக்கும் படத்தில் நாம் இன்னும் பயந்துதான் நடக்கவேண்டும்.

மெஷின் மட்டும் ஓடும் ஷாட்டுக்கும் பட்டறை ஆள்தான் ஓட்டவேண்டும். கேமரா ஸ்டாண்டில், எட்டி. துப்பட்டா, வேட்டி, தொங்கும் ஹெட்ஃபோன் வயர், கையுறை எதுவும் சுற்றும் மெஷின் பக்கம் போகக் கூடாது. கையுறை பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். சுற்றும் பாகத்தில் அது மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

அப்போ கை மாட்டற சீனை எப்படி எடுக்கறது?

தலைகீழாக எடுங்கள். மேலே சொன்னபடி கரண்ட் பிடுங்கிய, நின்ற மெஷினில் நடிகர் கையை டைக்கு அருகே வைத்து, வெடுக்கென்று வெளியே இழுக்கட்டும். எடிட்டிங்கில் அந்த கிளிப்பைத் திருப்பிப் போட்டால் ஏதோ கையை உள்ளே இழுத்தது போல இருக்கும். முகபாவமும் தலைகீழாக வரும் என்பதால் வலியில் ஆரம்பித்து சாதாரண முகத்தில் முடிக்கச் சொல்லுங்கள். நாலைந்து தடவை ஒத்திகை பார்த்தால் பிடிபட்டுவிடும். பஞ்ச் கையை அழுத்தும் குளோசப்புக்கு ஃபோம் ஷீட்டில் பஞ்சும் டையும் வெட்டி, சில்வர் பெயின்ட் அடித்து, மேலே கொஞ்சம் கிரீஸும் கரியும் தடவுங்கள். அதை ஒரு ஆள் கையால் இறக்கினால் போதும்.

தானாக நகரும் ஸ்பானர், தானாக இறங்கும் பெடல், திறந்துகொள்ளும் கதவு எல்லாவற்றுக்கும் தூண்டில் நரம்பு. காசிமேட்டில் எந்தத் தடிமனிலும் கிடைக்கும். பின்னணி இருட்டாக, விளக்கு நரம்பின் மேல் நேராகப் படாமல் இருந்தால் கேமராவுக்குத் தெரியாது.

லேத் ஆட்களுக்கே பிடித்த ஒரு வித்தை இருக்கிறது. லேத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் பாகம் சக், அதன் பிடிப் பற்கள் ஜா. மூணு ஜா சக் நிமிடத்துக்கு 500 சுற்று ஓடும்போது நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு ஜா இருந்த இடத்தில் இன்னொரு ஜா வந்து நிற்கும். பகல் வெளிச்சத்தில் ஷட்டரை 1/1000 அளவுக்கு வைத்தால் வீடியோவில் சக் நிற்பது போலத் தெரியும். வேகம் லேசாகக் கூடக் குறைய இருந்தால் மெதுவாக ஊர்ந்து திரும்பும், பின்னாலும் போகும். சத்தம் முழு வேகத்தில் கேட்கிறது, கண்ணுக்கு அது நிற்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் சில நேரம் வெறும் கண்ணுக்கே சுற்றும் சக் நிற்பது போலத் தெரியும். பட்டறையில் அது நிஜமான ஆபத்து, உங்கள் கதைக்கு அது ஒரு காட்சி.

ரத்தம் எதுல செய்யறது? ஆரத்தித் தண்ணி ஓகேவா?

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் நிறம் நன்றாக வரும், ஆனால் தண்ணீராக ஓடும். தூரத்து ஷாட்டில் தரையில் ஊற்றச் சரி. சுண்ணாம்பு எரியும் என்பதால் முகத்தில், கண் பக்கம், வாயில் வேண்டவே வேண்டாம். அதற்குச் சர்க்கரைப் பாகில் சிவப்பு ஃபுட் கலர் கலந்து, ஒரு சிட்டிகை கோகோ தூள் போடுங்கள். கொஞ்சமாகக் காட்டுங்கள். தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு போதும்.

பட்டறைக்குள்ள எடுத்தா லைட் பட்டை பட்டையா துடிக்குது. போன் கோளாறா?

போன் கோளாறு இல்லை. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். போனை மேனுவலில் வைத்து 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று போடுங்கள், நின்றுவிடும். துடிப்பு வேண்டும் என்கிற பயக் காட்சிக்கு வேண்டுமென்றே ஷட்டரை மாற்றிக்கொள்ளலாம்.

சவுண்டுக்கு யூடியூப்ல ஃப்ரீ எஃபெக்ட்ஸ் இருக்கே, அது போதாதா?

போதாது. நான் ஒலிக்காரன் என்பதால் சொல்லவில்லை. அந்த ஒலிகள் எல்லாம் ஏதோ ஒரு ஊரின் ஏதோ ஒரு மெஷின். மெஷின் நிற்கும் ஷாட்டில்தான் நடிகர் இருக்கிறார் என்று விதி வைத்திருக்கிறோம். அப்போது மெஷினுக்கு உயிர் கொடுக்கப் போவது ஒலி மட்டும்தான். அதைக் கடன் வாங்கக் கூடாது.

ரிச்சி தெருவில் பியசோ டிஸ்க் என்று கேளுங்கள், பொட்டு மாதிரி ஒரு பித்தளைத் தகடு, சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இரண்டு வயர் பற்றவைத்து ரெக்கார்டரில் சொருகினால் அதுவே மைக். காற்றில் வரும் சத்தத்தை அது எடுக்காது, ஒட்டிய இரும்புக்குள் ஓடும் அதிர்வை எடுக்கும். மெஷின் நின்றிருக்கும்போது பிரஸ்ஸின் உடம்பில் டேப் போட்டு ஒட்டி, வயரை பெல்ட்டுக்கு எட்டாமல் கட்டிவிட்டு, பட்டறைக்காரரை ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். வெளியே 'டங்' என்று கேட்கும் அடி உள்ளே வேறு மாதிரி இருக்கும்: முதலில் கிளட்ச் சாவி மாட்டும் ஒரு சின்ன 'டிக்', அப்புறம் ஒரு மூச்சு இடைவெளி, பிறகுதான் அடி. அந்த 'டிக்' உங்கள் படத்துக்குக் கிடைத்த புதையல். முதல் பத்து நிமிடத்தில் அதைப் பழக்கிவிடுங்கள். அப்புறம் இருட்டில் 'டிக்' மட்டும் கேட்டால் தியேட்டரே கையை இழுத்துக்கொள்ளும்.

எடுத்த ஒலியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்; வின்ச்சும் ஜெனரேட்டரும் அதில் ஏதோ பெரிய மிருகம் மாதிரி ஆகிவிடும். டிரெய்லர் நிற்கும்போது ஏர் பிரேக் விடும் 'உஸ்', ரயில் ஹாரன், இதெல்லாம் நம்ம ஏரியாவில் ராத்திரி இலவசம். வசனத்தை மட்டும் அந்த இரைச்சலில் எடுக்காமல் பிறகு டப் செய்துகொள்ளுங்கள்.

ஷூட்டிங்குக்கு எங்க போறது? துறைமுகம், ரயில்வே, மணலி ரிஃபைனரி எல்லாம் கெத்தா இருக்குமே?

கெத்தாக இருக்கும், அனுமதியில்லாமல் போனால் போலீஸ் ஸ்டேஷனில் உட்காருவீர்கள். துறைமுகம் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலில் இருக்கிறது. ரயில்வே இடத்துக்குத் தெற்கு ரயில்வேயில் முறையாக எழுதிக் கேட்டு, கட்டணம் கட்டவேண்டும். டிரோன் விடும் யோசனை இருந்தால் முதலில், டிரோன் எங்கே விடலாம் என்று நிறம் போட்டுக் காட்டும் அரசு வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடம் என்ன நிறம் என்று பாருங்கள். தெருவில் எடுக்கக் காவல்துறை அனுமதி வாங்குங்கள்.

நமக்குச் சரியான இடம் ஒரே ஒரு பட்டறை, ஞாயிற்றுக்கிழமை. 1986இல் வந்த 'சாப்பிங் மால்' என்ற சின்ன பட்ஜெட் படம், காவல் ரோபோக்கள் ஆட்களைக் கொல்லும் கதை. அதை நிஜமான ஒரு மாலில், கடை சாத்திய பிறகு ராத்திரிகளில் எடுத்தார்கள். ஒரே இடம், மூடிய நேரம், அதிலேயே முழுப் படம். இடம் கொடுத்தவருக்கு வாடகை வேண்டாம் என்றாலும் அன்றைய கரண்ட் செலவையாவது கொடுங்கள். துடைத்துவிட்டுத் திரும்புங்கள். ஒரு டையை இடம் மாற்றி வைத்துவிட்டால் திங்கட்கிழமை அவர் பிழைப்பு கெடும்.

காசிமேட்டுல போட் ஷூட்டிங் எப்போ ஈஸி?

மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, வரிசையாகக் கட்டிக் கிடக்கும். இன்ஜின் வேலை, பெயின்ட் வேலை, வலை பின்னும் வேலை எல்லாம் அப்போதுதான். படகுக்காரரிடம் பேசி, துறைமுக அலுவலகத்திலும் கேட்டுவிட்டு எடுங்கள். வருமானம் இல்லாத மாதங்கள் என்பதால் அங்கே இருப்பவர்களை நடிக்கவைத்தால் கையில் காசாகக் கொடுப்பது மரியாதை.

அம்பதாயிரம்தான் இருக்கு. எப்படிப் பிரிக்கறது?

முதலில் சாப்பாடும் வண்டியும். அடுத்து பட்டறைக்காரரின் ஒரு நாள் கூலி, முதலுதவிப் பெட்டி. அதற்கு அடுத்து ஒலி. மிச்சத்தில் ஃபோம் டை, நரம்பு, பெயின்ட். கேமரா வாடகையைக் கடைசியில் யோசியுங்கள், கையில் இருக்கும் போனே போதும்.

வட சென்னைன்னா ரவுடி, கத்தி, கஞ்சா இருந்தாதான் படம் ஓடும்னு சொல்றாங்களே?

சொல்பவர்கள் யாரும் இங்கே ஷிஃப்ட்டுக்குப் போனவர்கள் இல்லை. பக்கிங்ஹாம் துணி மில் தொடங்கியது 1876, கர்நாடிக் துணி மில் 1881. நம்ம பாட்டன் பூட்டன் பெரம்பூர் பக்கம் வந்து குடியேறியதே அந்த மெஷின்களுக்காகத்தான். மதியம் சாப்பிடக்கூட நேரம் போதாமல் ஓடிய தொழிலாளிகள் 1918 ஏப்ரல் 27இல் மெட்ராஸ் லேபர் யூனியனை ஆரம்பித்தார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் என்று தொழிற்சங்கத் தலைவர்கள் எல்லாம் நின்ற இடம். 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. 1996இல் மில் மூடியது. அதன் பிறகு பல வருடம் அந்தக் காலிக் கூடங்களில் சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுத்தார்கள்.

ராயபுரம் ரயில் நிலையம் வந்தது 1856, ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். 1955, எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 வரை ஓடியது. இவ்வளவு மெஷின்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு மெஷின் படம் எடுக்காமல் கத்திப் படத்தையே இன்னொரு தடவை எடுப்பானேன்? சைரன் சத்தத்தில் எழுந்த தாத்தா, எண்ணெய்க் கறை போகாத அப்பாவின் சட்டை, இவற்றைக் காட்டவே இந்த வகைக் கதை உங்களுக்கு வழிவிடுகிறது. பாட்டு வேண்டுமென்றால் தெருவில் மரண கானா பாடுபவரைக் கூப்பிடுங்கள், காசு கொடுத்து, டைட்டிலில் பெயர் போடுங்கள். பழைய சினிமாப் பாட்டை எடுத்துப் போடாதீர்கள், உரிமை பிரச்சினை வரும்.

பிரஸ்ல விரல் போனவர் எங்க தெருவுலயே இருக்கார். அவரையே நடிக்கச் சொல்லலாமா? மேக்கப் செலவு மிச்சம்.

மேக்கப் செலவு மிச்சம் என்பதற்காக என்றால் அவர் வீட்டுப் பக்கமே போகாதீர்கள்.

அவருக்குக் கதை தெரியும் என்பதற்காக என்றால், முதலில் அவரிடம் கதையைச் சொல்லுங்கள். கையைக் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டாம். பேச்சுக்கு நடுவே "அந்த மெஷின் அப்படி அடிக்காதுப்பா" என்று அவரே திருத்துவார். அந்தத் திருத்தம்தான் உங்களுக்கு வேண்டியது. நடிக்க அவராக விரும்பினால் நல்ல வேடமாகக் கொடுங்கள். கேமரா முகத்தில் நிற்கட்டும். கை காட்சியின் போக்கில் தெரிந்தால் தெரியட்டும். கையை மட்டும் குளோசப் போட்டு பயமுறுத்தினால் அவர் உடம்பையே பேயாக்கிவிட்டோம் என்று அர்த்தம். மெஷின் ஓடும் காட்சி என்றால் ஒலியை அன்றைக்கு ஸ்பாட்டில் போட்டுக் காட்டாதீர்கள். அந்த 'டிக்' அவரை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாது.

எண்ணூர் வாயுக்கசிவு மாதிரி உண்மைச் சம்பவத்தை அப்படியே எடுக்கலாமா?

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மூச்சு முட்டி ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள், பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த மாத ஆரம்பத்தில்தான் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்திருந்தது. இவற்றை அனுபவித்தவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

எடுக்கலாம், ஆனால் பேயின் வேலையாகக் காட்டாதீர்கள். நாலாவது கேள்விக்குச் சொன்னதுதான் இங்கேயும்: நடந்தது மனிதர்கள் பராமரிக்கவேண்டிய குழாயில். அதற்கு ஆவியைக் காரணம் காட்டினால் அந்த ஜனங்களுக்குச் செய்யும் துரோகம். பெயர் மாற்றி, ஊர் மாற்றி, ராத்திரியில் வரும் வாசனை, கதவைத் தட்டி எழுப்பும் பக்கத்து வீட்டம்மா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாத அந்த நிமிடம், இவற்றை எடுங்கள். அதிலேயே போதுமான பயம் இருக்கிறது.

கடைசில மெஷின் ஜெயிக்கணுமா, மனுஷன் ஜெயிக்கணுமா?

மெஷினைச் சுத்தியலால் அடித்து உடைத்து முடிப்பது எல்லோரும் எடுப்பது. கதையில் வேலை செய்பவர்களுக்கு அந்த மெஷின்தான் சோறு என்பதை மறந்த முடிவு அது. மெஷின் உடைந்தால் மறுநாள் யாருக்கும் கூலி இல்லை. என் விருப்பம், அவர்கள் மறைப்பைத் தேடி எடுத்து மாட்டுவது போல முடியவேண்டும். மாட்ட முடிகிறதா இல்லையா என்பது உங்கள் கதை.

டைட்டில், சென்சார் எல்லாம்?

யூடியூபில் போட சென்சார் சான்றிதழ் தேவையில்லை. தியேட்டரில் போட வேண்டும். இப்போது யு/ஏ சான்றிதழே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கை நசுங்கும் காட்சியை எவ்வளவு காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மேலே போகும், ஏ கூட ஆகலாம். டைட்டிலுக்கு அவசரப்படாதீர்கள். மேலே சொன்ன 'சாப்பிங் மால்' முதலில் 'கில்பாட்ஸ்' என்ற பெயரில் வந்து ஓடவில்லை, பெயரை மாற்றி, நீளத்தைக் குறைத்து விட்ட பிறகுதான் ஜனங்கள் பார்த்தார்கள். பட்டறையில் பேசும் வார்த்தை ஏதாவது ஒன்றை வையுங்கள்.

படம் முடிஞ்சதும் முதல்ல யாருக்குப் போட்டுக் காட்டறது?

இடம் கொடுத்த பட்டறையில், வேலை முடிந்த பிறகு, அங்கே வேலை செய்பவர்களுக்கு. திரையைப் பார்க்காதீர்கள், அவர்கள் கைகளைப் பாருங்கள். பயக் காட்சியில் யாராவது மடியிலிருந்த கையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டால் அந்தக் காட்சியைத் தொடாதீர்கள். "இது இப்படி ஓடாதே" என்று ஒருவர் சொன்னால் அதைக் குறித்துக்கொண்டு, ஒலியை மாற்றியாவது சரிசெய்துவிட்டு அப்புறம் அப்லோடு பண்ணுங்கள். அவர்கள் எல்லோருடைய பெயரையும் எழுத்துப் பிழையில்லாமல் டைட்டிலில் போட்டாயிற்றா என்று ஒரு தடவை சரிபாருங்கள்.